வீட்டு இன்டீரியர் சுற்றுச்சூழலுக்கு உகந்ததா இருக்கணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

சுற்றுச்சூழலுக்கு உகந்த இன்டீரியர்னு சொன்னதும் நிறைய பேருக்கு மனசுல வர்றது மூங்கில் நாற்காலி, சணல் விரிப்பு, மூலைக்கு ஒரு செடி, மண் கலர் சுவர். அழகா இருக்கும், வேணாம்னு சொல்லல. ஆனா அது ஒரு லுக் மட்டும் தான். வீட்டோட உள்பக்கம் நிஜமாவே பூமிக்கு பாரமில்லாம இருக்கான்னு தெரியணும்னா ஒவ்வொரு பொருளையும் பார்த்து மூணு விஷயம் கேட்கணும், இது எதுல இருந்து எவ்வளவு எரிபொருள் செலவழிச்சு வந்துச்சு, நம்ம வீட்ல இருக்கிற வரைக்கும் காத்தையும் கரண்டையும் என்ன பண்ணுது, வேணாம்னு ஆனதும் எங்க போகும். புதுசா இதுல இறங்குறவங்க முதல் கேள்வியோட நிறுத்திடறாங்க. எனக்கு கடைசி கேள்வி தான் ரொம்ப முக்கியமா படுது, ஏன்னு சொல்றேன்.

கட்டடம் உடம்புன்னா இன்டீரியர் சட்டை. ஃபிராங்க் டஃபின்னு ஒரு பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர், ஒரு கட்டடத்த ஒரே பொருளா பார்க்கக்கூடாது, வெவ்வேற ஆயுசு உள்ள அடுக்குகளா பார்க்கணும்னு சொன்னார். அவர் ஆபீஸ் கட்டடங்கள வச்சு போட்ட கணக்கு இது: வெளிக்கூடு 50 வருஷம் போல நிக்கும், வயரிங் பைப் ஏசி எல்லாம் 15 வருஷம், உள்ள இருக்கிற தடுப்பு, சீலிங், ஃபிட்டிங்ஸ் 5ல இருந்து 7 வருஷம், மேஜை நாற்காலி தினம் கூட இடம் மாறும். வீட்ல இவ்வளவு வேகமா மாத்த மாட்டோம், சரி. ஆனா கட்டடம் ஒரு தடவை தான் கட்டறோம், உள்ள இருக்கிறத அந்த கட்டடத்தோட ஆயுசுக்குள்ள மூணு நாலு தடவை பிச்சு போட்டு திரும்ப செய்றோம், ஒவ்வொரு தடவையும் புது பலகை, புது பெயின்ட், புது கண்ணாடி, புது சோஃபா, பழசு எல்லாம் குப்பைக்கு. அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2018க்கு குடுத்த கணக்குப்படி அந்த ஒரு வருஷத்துல மட்டும் அங்க 1.21 கோடி டன் ஃபர்னிச்சரும் மெத்தை வகையறாவும் குப்பைக்கு வந்துச்சு, அதுல 80 சதவீதம் நேரா மண்ணுக்குள்ள புதைக்கப்பட்டுச்சு. மரம், இரும்பு, நுரை, துணி, பசை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி இருக்கறதால பிரிச்சு எடுக்க யாருக்கும் கட்டுபடியாகல, அது தான் காரணம்.

அதனால முதல் வேலை கடைக்கு போறது இல்ல. இருக்கிற வீட்ட சுத்தி பார்க்கறது. எது நல்லா இருக்கு, எது வெறும் போரடிச்சு போனதால மாத்த தோணுது, எது நிஜமாவே கெட்டுப்போச்சு. கிச்சன் கேபினெட்ல உடம்பு உறுதியா இருந்து கதவு மட்டும் பழசா தெரிஞ்சா கதவ மட்டும் மாத்தலாம், இல்ல தேய்ச்சு பெயின்ட் அடிக்கலாம். தரை டைல்ஸ் ஆடாம கெட்டியா இருந்தா அத உடைக்கவே வேணாம், செராமிக் டைல் 1000 டிகிரிக்கு மேல சுட்டு எடுக்கற பொருள், அந்த நெருப்புக்கான செலவு ஏற்கனவே முடிஞ்சு போச்சு, இனி அது எத்தனை வருஷம் கிடக்குதோ அவ்வளவும் லாபம். ஏற்கனவே இருக்கிற ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய தூக்கி போட்டுட்டு அதுக்கு பதிலா மூங்கில் நாற்காலி வாங்கறது பசுமையான காரியம் இல்ல, ரெண்டு பொருளோட பாரமும் பூமி மேல தான் ஏறுது.

பழைய மர ஃபர்னிச்சர் கிடைச்சா அது தங்கம். காய்ஞ்ச மரத்தோட எடையில கிட்டத்தட்ட பாதி கார்பன், அதாவது ஒரு கிலோ மரம் சுமார் 1.8 கிலோ கார்பன் டை ஆக்சைட காத்துல இருந்து எடுத்து தனக்குள்ள பிடிச்சு வச்சிருக்கு. அந்த அலமாரி அலமாரியாவே இருக்கிற வரைக்கும் அது உள்ளயே கிடக்கும், எரிச்சா திரும்ப காத்துக்கு போயிடும். இதனால தான் மர சாமான் விஷயத்துல ஆயுச நீட்டறது அவ்வளவு பெரிய விஷயம். பழசு வாங்கும்போது ரெண்டு விஷயம் மட்டும் கவனிங்க. ஒண்ணு, சின்ன சின்ன ஓட்டை இருந்து கீழ நைசான தூள் கொட்டி இருந்தா உள்ள வண்டு இன்னும் வேலை பார்க்குதுன்னு அர்த்தம், வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. இன்னொண்ணு ஈயம். அமெரிக்காவுல வீட்டு பெயின்ட்ல ஈயத்த 1978ல தான் தடை பண்ணாங்க, இன்னும் பல நாடுகள்ல அதுக்கும் ரொம்ப பின்னாடி தான் சட்டமே வந்துச்சு, அதனால பழைய பெயின்ட் அடிச்ச சாமான உப்புத்தாள் போட்டு காய்ஞ்ச நிலையில தேய்க்கவே கூடாது, அந்த தூசி குழந்தைங்க மூளைய பாதிக்கும். டெஸ்ட் கிட் கிடைக்கும், சந்தேகம் இருந்தா டெஸ்ட் பண்ணிட்டு தொடுங்க.

புது மரம் தான் வேணும்னா அது எந்த காட்டுல இருந்து வந்துச்சுன்னு கேட்கணும். எஃப்எஸ்சின்னு ஒரு முத்திரை பார்த்திருப்பீங்க, 1993ல ஆரம்பிச்ச அமைப்பு, காட்ட அழிக்காம பொறுப்பா வெட்டின மரம்னு மூணாவது ஆள் வந்து சோதிச்சு குடுக்கற சான்று. அதுலயே மூணு வகை இருக்கு, முழுக்க சான்று பெற்ற காட்டு மரம், கலப்பு, மறுசுழற்சி. முத்திரைக்கு பக்கத்துல ஒரு உரிம எண் இருக்கும், அத அவங்க இணையதளத்துல போட்டு பார்த்தா உண்மையா இல்லையான்னு தெரிஞ்சிடும். வெறுமனே பச்சை இலை படம் போட்டு இயற்கைன்னு எழுதியிருந்தா அது விளம்பரம், சான்று இல்ல.

இப்ப நான் ரொம்ப அழுத்தி சொல்ல நினைக்கிற விஷயத்துக்கு வர்றேன், பலகை. இன்னைக்கு வார்ட்ரோப், கிச்சன், டிவி யூனிட், கட்டில் எல்லாமே பெரும்பாலும் முழு மரம் இல்ல, பிளைவுட், எம்டிஎஃப், பார்ட்டிக்கிள் போர்டு, அதாவது மரத்தோட மெல்லிய தகடையோ தூளையோ சீவலையோ பசை போட்டு அழுத்தின பலகை. மரத்தூள், மரச்சீவல் வீணாகாம பயன்படுதுங்கற அளவுல இது நல்லது தான். பிரச்சனை அத ஒட்ட வைக்கிற பசையில இருக்கு. மலிவா கிடைக்கிற பலகைல யூரியா ஃபார்மால்டிஹைடு பசை போடுவாங்க, அதுல இருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். புது அலமாரி திறந்ததும் கண்ணு எரியுதே, மூக்குல ஏறுதே, அதுல இதுக்கும் பங்கு இருக்கு. உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆராய்ச்சி பிரிவு 2004ல இத மனுஷங்களுக்கு புற்றுநோய் உண்டாக்கற பொருள்னு முதல் பட்டியல்லயே சேர்த்துடுச்சு. வாசனை போயிட்டா வாயுவும் போயிடுச்சுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, முதல் சில வாரம் அதிகமா வரும், அப்புறம் குறைஞ்சாலும் ஈரமும் சூடும் பட பட அந்த பசை உடைஞ்சு மாசக்கணக்குல, சில சமயம் வருஷக்கணக்குல கூட வந்துட்டே இருக்கும். மூடி வச்ச, வெக்கையான ரூம்ல இன்னும் ஜாஸ்தி.

இதுக்கு என்ன பண்ணலாம்? பலகை வாங்கும்போது எமிஷன் கிரேடு கேளுங்க, அதாவது பலகை எவ்வளவு வாயு விடுதுங்கற தரம். இ1னு இருந்தா சோதனை அறையில காத்துல 0.1 பிபிஎம் (பத்து லட்சத்துல 0.1 பங்கு) அளவுக்கு மேல விடாத பலகை, இ0னா அதவிட குறைவு, ஃபார்மால்டிஹைடே சேர்க்காத பசை போட்ட பலகையும் வருது. கடைக்காரர் தண்ணி புகாது, கரையான் வராதுன்னு மட்டும் சொல்வார், அது வேற, எமிஷன் வேற, பலகை மேலயோ பில்லுலயோ கிரேடு எழுதி இருக்கான்னு பாருங்க. அடுத்து வெட்டின ஓரம். வாயு அதிகமா வெளிய வர்றது பலகையோட பச்சையான வெட்டு முனையில இருந்து தான், ஆனா கார்பென்டர் கண்ணுக்கு தெரியற முன்பக்கத்துக்கு மட்டும் எட்ஜ் பேண்ட், அதாவது ஓரத்த மூடற பட்டை ஒட்டிட்டு பின்பக்கம், அடிப்பக்கம், கீல் குடைஞ்ச குழி எல்லாத்தையும் அப்படியே விட்டுடுவார். வேலைக்கு முன்னாடியே சொல்லி எல்லா ஓரத்தையும் மூட சொல்லுங்க, ஈரம் உள்ள போகாததால பலகையும் ரொம்ப நாள் உப்பாம இருக்கும், ரெண்டு லாபம். வேலை முடிஞ்சதும் அன்னைக்கே குடி போகாம சில வாரம் கதவு, டிராயர் எல்லாம் திறந்து போட்டு ஜன்னல திறந்து விடுங்க. குழந்தை பிறக்கப்போகுதுன்னு கடைசி மாசத்துல புது ஃபர்னிச்சர் போட்டு ரூம் ரெடி பண்றவங்கள பார்த்தா எனக்கு பதறும், அத அஞ்சாறு மாசம் முன்னாடியே முடிச்சிடுங்க தயவு செஞ்சு.

மூங்கிலும் இதே கதை தான். மூங்கில் மரமே இல்ல, புல் வகை, 3ல இருந்து 5 வருஷத்துல வெட்டற அளவுக்கு முத்திடும், வெட்டினா வேர்ல இருந்து திரும்ப வரும், அருமையான பொருள். ஆனா மூங்கில் தரை, மூங்கில் பலகைன்னு வர்றது கீத்து கீத்தா கிழிச்சு பசை போட்டு அழுத்தினது. அதனால அங்கயும் அதே எமிஷன் கேள்விய கேட்டே ஆகணும்.

பெயின்ட்டுக்கு வருவோம். பெயின்ட் காயுதுன்னா அதுல இருக்கிற கரைப்பான் ஆவியாகி நம்ம காத்துல கலக்குதுன்னு அர்த்தம், அதுல தண்ணி மட்டும் ஆவியானா கவலையில்ல, விஓசின்னு சொல்ற, சுலபமா ஆவியாகற கரிம ரசாயனங்கள் ஆவியானா தலைவலி, தொண்டை எரிச்சல், ஆஸ்துமா இருக்கிறவங்களுக்கு சிரமம், வெளிய போனதுக்கப்புறமும் ஓசோன் புகை உண்டாக்கும். டப்பா மேல ஒரு லிட்டருக்கு எத்தனை கிராம்னு போட்டிருப்பாங்க. ஐரோப்பாவுல உள்சுவருக்கான தண்ணி கலந்த மேட் பெயின்ட்டுக்கு 2010ல இருந்து 30 கிராம் தான் உச்ச வரம்பு, ஜீரோ விஓசின்னு விக்கறது பொதுவா 5 கிராமுக்கு கீழ. ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, டப்பால போட்ட அளவு பல சமயம் கலர் கலக்காத வெறும் பேஸுக்கு தான், கடையில மெஷின்ல கலர் கலக்கும்போது அந்த கலர் பேஸ்ட்லயும் விஓசி இருக்கலாம், அடர்ந்த கலர்னா நிறைய பேஸ்ட் போகும். அதையும் கேட்டு வாங்கணும். சுவருக்கு நல்ல பெயின்ட் போட்டுட்டு கதவுக்கும் அலமாரிக்கும் தின்னர் கலந்த பாலிஷ் அடிச்சா போட்டதெல்லாம் வீண், அங்கயும் தண்ணி கலந்த வகை கிடைக்குது.

சுண்ணாம்பு எனக்கு ரொம்ப பிடிச்ச பொருள். சுண்ணாம்புக் கல்ல சுமார் 900 டிகிரில சுடும்போது கார்பன் டை ஆக்சைடு வெளிய போகும், அப்புறம் தண்ணில நீத்து சுவர்ல பூசினா அது காத்துல இருக்கிற அதே வாயுவ மெதுவா திரும்ப உறிஞ்சி மறுபடி கல்லாகுது. சூளைக்கு எரிச்ச எரிபொருளோட புகை மட்டும் திரும்ப வராது, அதனால முழு கணக்கும் நேராகிடுச்சுன்னு சொல்ல முடியாது, ஆனா பெரும்பங்கு திரும்பி வருது. காரத்தன்மை அதிகம்ங்கறதால பூஞ்சை சுலபமா பிடிக்காது, சுவர் ஈரத்த வாங்கி திரும்ப விடும். ஒரு கட்டுப்பாடு, ஏற்கனவே பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்ச சுவர் மேல சுண்ணாம்பு அடிச்சா பிடிக்காம உதிரும், பழச சுரண்டி எடுத்தா தான் ஆகும்.

தரைக்கு சுருக்கமா சொல்லிடறேன். வினைல் விரிப்பும் லினோலியமும் பார்க்க ஒண்ணு போல இருக்கும், உள்ள வேற வேற. வினைல் பிவிசி பிளாஸ்டிக், எரிஞ்சா டையாக்சின் மாதிரி விஷம் வரும், மறுசுழற்சி கஷ்டம். லினோலியம் 1860கள்ல ஃபிரெடெரிக் வால்டன் கண்டுபிடிச்சது, ஆளி விதை எண்ணெய், கார்க் தூள், மரத்தூள், அடியில சணல் துணி, இதெல்லாம் தான் முக்கியமா இருக்கும், பராமரிச்சா பல பத்து வருஷம் வரும். கார்க்கும் நல்ல பொருள், மரத்த வெட்டாம பட்டைய மட்டும் 9 வருஷத்துக்கு ஒரு தடவை உரிச்சு எடுப்பாங்க, மரம் உயிரோட நிக்கும்.

அடுத்து வெளிச்சமும் சூடும். பொருள் வாங்காமலே நிறைய சாதிக்கக்கூடிய இடம் இது, ஆனா டிசைன்னு வரும்போது கடைசியா யோசிக்கப்படுது. பகல்ல லைட் போடாம இருக்க முடியுமான்னு ரூம் ரூமா உட்கார்ந்து பாருங்க. ஜன்னல மறைச்சு நிக்கிற உயரமான அலமாரிய நகர்த்தினாலே பாதி ரூம் தெளிஞ்சிடும். சீலிங் வெள்ளையா இருந்தா படற வெளிச்சத்துல 80 சதவீதத்துக்கு மேல திருப்பி தரும், அடர்ந்த கலர் 10, 15 சதவீதம் தான் தரும், அதனால டார்க் சுவர் ஆசை இருந்தா அத ஜன்னல் இருக்கிற சுவர்ல வச்சுக்கோங்க, ஜன்னலுக்கு எதிர் சுவர்ல வேணாம், வெளிச்சம் போய் விழறது அங்க தான்.

வெயில் விஷயத்துல ஒரு அடிப்படை புரிஞ்சா போதும். கண்ணாடி வெயில உள்ள விடும், ஆனா அந்த வெயில் பட்டு சூடான தரையும் சோஃபாவும் விடற வெப்பத்த வெளிய விடாது. அதனால உள்பக்கம் தடிமனான திரை போட்டா வெளிச்சம் தடைபடும், சூடு பெரும்பாலும் உள்ள வந்து சேர்ந்துடும், அதே மறைப்ப கண்ணாடிக்கு வெளிய வச்சா, தட்டியோ, ஷட்டரோ, கொடியோ, சூடு உள்ளயே வராது. கிழக்கு மேற்கு ஜன்னலுக்கு முதல்ல பண்ணுங்க, காலையும் சாயங்காலமும் சூரியன் தாழ்ந்து வர்றதால மேல இருக்கிற சன்ஷேட் அங்க உதவாது. குளிர் பிரதேசத்துல இருந்தா கணக்கு தலைகீழ், வர்ற வெயில உள்ள விட்டுட்டு ராத்திரில தடிமனான திரைய இழுத்து விடணும், ஜன்னல் ஓர இடுக்கு எல்லாம் அடைக்கணும், வெளிச்சுவர ஒட்டி வைக்கிற அலமாரிக்கு பின்னாடி ரெண்டு மூணு விரல் இடைவெளி விடணும், இல்லன்னா அங்க ஈரம் கோத்து பூஞ்சை வரும்.

ஃபேன் ரூம குளிர வைக்காது, நம்ம தோல தான் குளிர வைக்கும், அதனால ஆளில்லாத ரூம்ல ஓடற ஃபேன் சுத்த வேஸ்ட். சாதாரண சீலிங் ஃபேன் 70, 80 வாட் இழுக்கும், பிஎல்டிசின்னு சொல்ற, கரண்ட் கம்மியா இழுக்கற மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட் சுத்துவட்டாரத்துல அதே காத்து தரும். பல்பு கதையும் அப்படித்தான், பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த 800 லூமென் வெளிச்சத்த எல்இடி 8, 9 வாட்ல தருது. ஆனா இப்ப ஃபால்ஸ் சீலிங்ல பதிக்கிற லைட் நிறைய, பல்ப தனியா கழட்ட முடியாத மாதிரி வருது, உள்ள கரண்ட சீராக்கி குடுக்கற டிரைவர்ங்கற சின்ன பாகம் போனாலும் மொத்தமா குப்பை. பல்பு மாத்தக்கூடிய ஹோல்டர் உள்ளதா பார்த்து வாங்குங்க. அந்த ஃபால்ஸ் சீலிங்கே வேணுமான்னும் ஒரு தடவை யோசிங்க, அதுக்கு போடற ஜிப்சம் போர்டு உடைச்சு குப்பை மேட்ல ஈரத்தோட புதைஞ்சா ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும், அழுகின முட்டை நாத்தம் அடிக்கிறது அது தான்.

செடி பத்தி சொல்லாம விட முடியாது. 1989ல நாசா பண்ணின ஒரு ஆய்வுல செடி காத்துல இருக்கிற ரசாயனத்த குறைச்சுதுன்னு வந்தது உண்மை, ஆனா அது சின்ன மூடின பெட்டிக்குள்ள பண்ணினது. டிரெக்செல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகள எல்லாம் சேர்த்து கணக்கு போட்டு 2019ல வெளியிட்டாங்க, சாதாரணமா ஒரு கட்டடத்துல நடக்கிற காத்தோட்டத்துக்கு சமமா செடி சுத்தம் பண்ணணும்னா ஒரு சதுர மீட்டருக்கு 10ல இருந்து 1000 செடி வரை வேணுமாம். செடி வைங்க, மனசுக்கு அவ்வளவு நல்லது, ஆனா காத்துக்கு எதிரெதிர் ரெண்டு ஜன்னல் திறக்கறது தான் வழி. கிச்சன்ல சிம்னி வச்சா அதோட குழாய் வீட்டுக்கு வெளிய போகணும், கேஸ் எரியும்போது வர்ற நைட்ரஜன் டை ஆக்சைட கார்பன் ஃபில்டர் வச்சு உள்ளயே சுத்த விடறதால பெரிசா பிரயோஜனம் இல்ல.

திரை, விரிப்பு, மெத்தை உறைக்கு பருத்தி, லினன், சணல், கம்பளி நல்லது, பாலியஸ்டர் துவைக்க துவைக்க நுண் பிளாஸ்டிக் இழை விடும். இருக்கிற பாலியஸ்டர் திரைய கிழியற வரைக்கும் போட்டு, அப்புறம் மாத்துங்க.

கடைசியா, எது செய்தாலும் கழட்டற மாதிரி செய்ய சொல்லுங்க. பசை போட்டு ஆணி அடிச்சா உடைச்சு தான் எடுக்க முடியும், ஸ்க்ரூவும் போல்ட்டும் போட்டா கழட்டி வேற வீட்டுக்கு கொண்டு போகலாம், ஒரு பக்கம் உப்பினா அந்த ஒரு பலகைய மட்டும் மாத்தலாம். சுவரோட சேர்த்து கட்டற அலமாரிய விட தனியா நிக்கிற அலமாரி இதனாலயே மேல். சோஃபா வாங்கினா உறை கழட்டி துவைக்க முடியுதா, நுரை தனியா மாத்த முடியுதான்னு பாருங்க. வேலை முடிஞ்சதும் மிச்சம் ஆன டைல்ஸ் ஒரு பெட்டி, கொஞ்சம் பெயின்ட், ரெண்டு கீல், ஒரு கைப்பிடி எடுத்து வைங்க, பெயின்ட் கலர் நம்பர், பலகை கிரேடு, லேமினேட் கோடு எல்லாத்தையும் ஒரு தாள்ல எழுதி அலமாரி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிடுங்க, பத்து வருஷம் கழிச்சு ஒரு மூலை உடைஞ்சா, அதே கலர் அதே கோடு கிடைக்காம மொத்த கிச்சனையும் மாத்த வேண்டிய நிலைமை வராது, வீட்ட வேற ஒருத்தருக்கு குடுத்துட்டு போனாலும் அந்த தாள் அவங்களுக்கும் உதவும்.